மீட்புக் கலத்துக்கு ஐந்தாம் இடம்

மொழிபெயர்ப்பாளர் அறை என்று பெயர்தான் பெரிசு. இரண்டு நாற்காலி போட்டால் முழங்கால் இடிக்கிற கண்ணாடிக் கூண்டு. உள்ளே அவளும் கூட மொழிபெயர்க்கும் இன்னொருத்தியும். சிவப்பு விளக்கு அணையும்வரை கதவைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கீழே ஏழு நாட்டுப் பிரதிநிதிகள். இருக்கிற ராக்கெட்டுகளை முதலில் எதற்கு அனுப்புவது என்று மூன்று நாளாக ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நிலாவில் வீடு வேண்டுமாம், செவ்வாய்க்குப் போக வேண்டுமாம். பட்டியலில் மீட்புக் கலமும் இருந்தது. திரும்பி வரும் கலம் பழுதாகி, பழைய விண்வெளி நிலையத்தில் மாட்டிக்கொண்ட மூன்று பேரை இறக்க வேறு வழியில்லை. அவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி. ஆறு மாதம் என்று போனவனுக்குப் பதினான்கு மாதமாகிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் எடையில்லாமல் மிதந்தால் எலும்பு தேறாது என்று டாக்டர் கையை விரித்திருந்தார்.

இதைச் சொல்லி அவள் இந்த வேலையிலிருந்து விலகியிருக்கலாம். உள்ளே இருந்தால் எல்லாம் முதலிலேயே தெரியும் என்று ஒரு நப்பாசை. தெரிந்து என்ன கிழிக்கப் போகிறாள்?

பிரதிநிதிகளில் வட்டக் கண்ணாடிக்காரர்தான் மூன்று நாளாக மீட்புக் கலத்துக்காக மல்லுக்கட்டிய ஒரே ஆள். அவர் மைக்கைத் தட்டிப் பேச ஆரம்பித்தார். பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்பதெல்லாம் அங்கே செல்லாது.

"நான் நன்றாக யோசித்துவிட்டேன்," என்றாள் அவள். "நிலையத்துக்குச் சாமான்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. மேலே இருப்பவர்கள் இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்வார்கள். ஒற்றுமைக்காக நான் விட்டுக்கொடுக்கிறேன். மீட்புக் கலம் ஐந்தாம் இடத்துக்குப் போகட்டும்."

பாவி மனிதர், சிரித்துக்கொண்டே பேசினார். அவள் குரலும் பிசிறவில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் நாக்கு அவளைக் கேட்காமலே வேலை பார்த்தது. அந்த நாக்கை அவள் வெறுத்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரி மைக்கைப் பொத்தினாள். "அக்கா, நீங்க வெளிய போங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"வெளக்கு எரியுதே, எங்க போறது?"

ஏழு கைகள் உயர்ந்தன. கைதட்டல். விளக்கு அணைந்தது. போனில் தம்பியின் செய்தி வந்திருந்தது.

"கூட்டத்த இங்க நேரடியா போட்டாங்கக்கா. ஆளாளுக்கு அவங்க மொழியில கேட்டாங்க. நான் உன்னத்தான் கேட்டேன். வேலைக்குச் சொன்னதுன்னு தெரியும். ஆனாலும் 'நான் விட்டுக்கொடுக்கிறேன்'னு உன் குரல் சொன்னதே காதுல நிக்குது. ஒரே ஒரு தடவ, நீயா ஏதாவது பேசி அனுப்பேன்."

பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"நான்..." என்று ஆரம்பித்தாள். இருபது வருஷமாகத் தடுமாறாத நாக்கு அதற்குமேல் நகரவில்லை.