எழுபது சாக்குச் சீவல்

விருந்தாளி வருகிறார் என்றால் குப்பையை ஒளித்து வைப்பது நம் ரத்தத்தில் ஊறிய குணம். மலேசியாவில், செமோரில் பட்டறை நடத்தும் நித்யகல்யாணிக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே ஊறியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் பட்டறைத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். எட்டு எந்திரங்களும் குளித்து, சந்தனப் பொட்டு வைத்து, மூச்சுவிடாமல் நின்றன. முப்பத்திரண்டு தொழிலாளர்களும் புதுச் சட்டையில் வரிசை கட்டியிருந்தார்கள், வேலை பார்க்க வந்தவர்களா கல்யாணத்துக்கு வந்தவர்களா என்று சொல்ல முடியாதபடி.

வந்தவர் வால்டர். அவளிடம் சரக்கு வாங்கும் அமெரிக்கக் கம்பெனியின் ஆய்வாளர். கணினிச் சில்லுகளைச் சோதிக்கும்போது அவற்றை உட்கார வைக்கிற அலுமினியத் தட்டுகள்தான் அவள் சரக்கு. மயிரிழை பிசகினாலும் ஆகாது. ஒன்பது வருடமாக 'நல்ல சரக்கா' என்று மட்டும் கேட்டவர்கள் இப்போது 'எந்த நாட்டுச் சரக்கு' என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் சீனச் சரக்குக்கு வரி மேல் வரி. அதிலிருந்து தப்ப, சீனாவில் செய்த தட்டை இங்கே இறக்கி, பெயரை மாற்றிக் கப்பலேற்றும் கெட்டிக்காரர்கள் முளைத்துவிட்டார்கள். கல்யாணியிடமும் ஒருவன் வந்தான். "நீங்க ஸ்டிக்கர் மட்டும் ஒட்டுங்க, போதும்லா" என்றவனை வாசலோடு திருப்பி அனுப்பினாள். இருந்தும், எவனோ தின்ற உப்புக்கு இவள் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. வால்டர் 'இங்கே செய்யவில்லை' என்று எழுதிவிட்டால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் பட்டறைக்குப் பூட்டு.

அவளுக்குப் பயமில்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்ல என்ன பயம்?

வால்டர் சுற்றி வந்தார். குனிந்து தரையை விரலால் தடவினார்.

"ரொம்பச் சுத்தம்" என்றார் ஆங்கிலத்தில்.

கல்யாணி பூரித்துப் போனாள். அந்தப் பூரிப்புக்கு ஆயுசு அரை நிமிடம்.

"மூன்று மாதத்தில் ஆயிரத்து எண்ணூறு தட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அலுமினியக் கட்டியைக் குடைந்தால் பாதிக்கு மேல் சீவலாக விழும். அந்தச் சீவல் எங்கே?"

"நேரம் கொடுத்தால் காகிதங்கள் எல்லாம் காட்டுகிறேன்."

"காகிதம் எல்லாரிடமும் இருக்கிறது."

"இப்போதே ஒரு தட்டு வெட்டிக் காட்டட்டுமா?"

"போன வாரம் ஒரு பட்டறையில் அதையும் காட்டினார்கள். அங்கேயும் இப்படித்தான் பளபளவென்று இருந்தது. எந்திரம் காட்சிக்கு, சரக்கு சீனாவிலிருந்து."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. மூன்று மாதச் சீவலையும் விடிவதற்குள் லோரியில் ஏற்றி அனுப்பச் சொன்னதே அவள்தான். தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வால்டரை உட்காரவைத்துவிட்டு, பழைய இரும்பு வாங்கும் பக்கீர் முகம்மதுவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, காலையில ஏத்துன சீவல உருக்க அனுப்பிறாதீங்க. அப்படியே திருப்பிக் கொண்டாங்க."

"என்னா சீவல்மா? லோரி காலியாத்தான் வந்துச்சு. ஒங்க புனிதா கேட்டையே தொறக்கலயாம். டிரைவர் இன்னும் திட்டிக்கிட்டு இருக்கான்லா."

கல்யாணி திரும்பினாள். பெட்டி கட்டும் பகுதிக்கு மேற்பார்வையாளரான புனிதா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திட்டாதீங்கக்கா. வெள்ளிக்கெழம விடியக்காலையில யாராச்சும் வீட்டு உலோகத்த வெளிய அனுப்புவாங்களா? லெச்சுமி போயிரும். அதுவும் இந்த நாள்ல! நாளைக்கு அனுப்பலாம்னு பின்னால பொகவீட்டுல அடுக்கிட்டோம்."

வேறொரு நாளாக இருந்தால் வெளுத்து வாங்கியிருப்பாள். பட்டறைக்குள் நாள் நட்சத்திரம் பார்க்கக் கூடாது என்று நூறு தடவை சொன்னவள் அவள். இன்று புனிதாவைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

பட்டறை நிற்பது பழைய ரப்பர்த் தோட்டத்து நிலம். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்திய செங்கல் கட்டடம் பின்னால் இன்னும் நின்றது. கதவைத் தள்ளினால் உத்தரம் வரை சாக்கு. வால்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். எழுபது. மூன்று சாக்கைத் தராசில் ஏற்றினார். ஒன்றுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, எந்திர எண்ணெய் வாடை இருக்கிறதா என்று மோந்தார். விரலில் கீறல் விழுந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை.

"என்ன கேக்குறாருக்கா?" என்றாள் புனிதா மெதுவாக.

"நம்ம தட்டு இங்கதான் பொறந்துச்சான்னு கேக்குறாரு."

புனிதா ஒரு சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள்.

"எங்கப்பா இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுலதான் பொறந்தாரு. பொறந்த சூராட் பத்திரம் இல்லன்னு சாகுற வரைக்கும் செவப்பு ஐசி கார்டுதான் குடுத்தானுங்க. குடிமகன் இல்லயாம். நாப்பது வருசம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தாரு. ஆபீசுல போயி எடுத்துக் காட்ட ஒரு சாக்கு சீவல் இல்லாமப் போச்சு."

கல்யாணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வால்டர் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். எடை பொருந்தியது. சாக்கின் மேலேயே ஆய்வுப் படிவத்தை வைத்து எழுதினார். 'செய்த இடம்' என்ற கட்டத்தில் 'மலேசியா' என்று போட்டவர், ஏதோ யோசித்து, 'செமோர், பேராக்' என்றும் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

"இனிமேல் நான் வரும்போது தயவுசெய்து சுத்தம் செய்யாதீர்கள்" என்றார் விரலைத் துடைத்துக்கொண்டே.

அவர் கார் கிளம்பியதும் எட்டு எந்திரங்களும் ஒன்றாக இரைய ஆரம்பித்தன. புனிதா படிவத்தின் நகலை வாங்கி அந்தக் கட்டத்தை இரண்டு தடவை படித்தாள்.

"நாளைக்கு லோரிய வரச் சொல்லிரு" என்றாள் கல்யாணி. "எல்லாத்தையும் ஏத்திரலாம்."

"அறுபத்தொம்பது ஏத்துறேன்க்கா. ஒண்ணு இங்கயே கெடக்கட்டும். இனிமே எவன் வந்து எங்க பொறந்தேன்னு கேட்டாலும், அவன் காலடியில கொட்டிக் காட்டணும்."