முன்பே இருந்த கீறல்

"இது காலையில இல்லையே?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

வெள்ளைச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். படம் எடுக்க வந்தவரின் மனைவி குனிந்து பார்த்தாள். வாடகைக்கு எடுத்த இடத்தில் ஒரு சேதமும் வந்துவிடக் கூடாது என்று அன்று முழுவதும் அவள் பட்ட பாடு கொஞ்சமா? லைட் ஸ்டாண்டுகளின் காலில் மணல் மூட்டை வைத்தாள். தரையில் ஓடிய வயர்களை டேப் போட்டு ஒட்டினாள். விளம்பரப் படத்துக்காக ஒரு கம்பெனி கொடுத்த கண்ணாடிக் குடுவைகள் நாற்பதையும் தானே எடுத்தாள், தானே வைத்தாள். புகைப்படக்காரரான அவள் கணவர், ட்ரைபாடில் நின்ற கேமராவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... போதும்" என்று சொன்னதோடு சரி. மூன்று மாதமாகவே காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். கேட்டால், தூக்கம் போதவில்லை என்பார். அவளும் தலையாட்டி வைப்பாள்.

ஸ்டூடியோக்காரருக்குத் தொழிலில் இருப்பவர்கள் வைத்த பெயர் 'சட்டம்'. சுவரில் இருபத்திரண்டு விதிகளை எழுதி மாட்டியிருந்தார்; கழிவறைக்குள்ளும் ஒரு பிரதி. சிரிக்கலாம், ஆனால் முதுகுக்குப் பின்னால்தான். படம் எடுக்க ஆள் தேடும் கம்பெனிகள் முதலில் அவரைத்தான் கேட்கும். அவர் கை காட்டினால் வேலை, உதட்டைப் பிதுக்கினால் வீடு.

"அது பழசு சார்," என்றார் கணவர், பையின் ஜிப்போடு மல்லுக்கட்டியபடியே. "நீங்க சாவி கொடுத்ததும் இவ போன்லயே எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்துட்டேன். காட்டும்மா."

குரலில் அத்தனை தெம்பு. அவள் குடுவைப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது எடுத்திருக்கிறார். போனைத் திறந்தாள். பதினான்கு படங்கள். முதல் படத்தில் சுவர் இரண்டாகத் தெரிந்தது. அடுத்ததில் ஜன்னல் கலைந்து வழிந்தது. ஐந்தாவதில் அந்தக் கீறல் இருந்தது. ஒன்றாக அல்ல, நாலைந்து கோடுகளாக. முப்பது வருடம் கல்யாணமும் காட்சியுமாகப் படம் எடுத்த கை. பதினான்கில் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை.

"கொடுங்க மேடம், பார்ப்போம்." ஸ்டூடியோக்காரர் கையை நீட்டினார்.

ஐந்தாவது படத்தைக் காட்டினால் கீறல் பழசு என்று ஒப்புக்கொள்வார். கூடவே, எடுத்தவரின் கை ஆடியதையும் பார்த்துவிடுவார். ராத்திரிக்குள் அது எல்லார் காதுக்கும் போய்விடும்.

அவள் போனை அணைத்தாள்.

"நான்தான் சார். ஸ்டாண்டை நகர்த்தும்போது இடிச்சுட்டேன். சொல்ல பயமா இருந்துச்சு."

"என்னடி சொல்ற?" கணவர் நிமிர்ந்தார். "நான்தான் போட்டோ..."

"சும்மா இருங்க. நான்தான் இடிச்சேன்னு சொல்றேன்ல?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்த போனைப் பார்த்தார். மறுபடி பையின் ஜிப்பிடம் குனிந்தார்.

"இவ்வளவு நேரம் மறைச்சுட்டீங்களா மேடம்?" ஸ்டூடியோக்காரர் கீறலைக் கட்டைவிரலால் தடவினார். "சுவரைப் பூசிக்கலாம், அது பெரிசில்ல. சார், உங்க வேலை மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. அடுத்த வாரமும் இடம் உங்களுக்குத்தான். ஆனா இவங்க வேணாம். நீங்க தனியா வாங்க."

"தனியா," என்றார் கணவர். அது கேள்வியா பதிலா என்று தெரியவில்லை.

"அதான் என் கண்டிஷன்."

வெளியே படிக்கட்டில் அவர் உட்கார்ந்து ஷூவைப் போட்டுக்கொண்டார். கீழே அவர்களுக்காகக் காத்திருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். குனிந்து உதவலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. குனியவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நின்றாள். லேஸின் இரண்டு நுனிகளும் அவர் விரல்களுக்கிடையில் ஒன்றையொன்று தேடின, உரசின, விலகின. ஹாரன் மறுபடி அடித்தது. அவர் தலை நிமிராமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்.