முதுகில் இருந்த கை

எலும்பு மருத்துவரின் அறையில் அவருடன் என் மனைவி, மருமகள், மைத்துனர், நான் ஆகியோர் இருந்தோம்.

காலையில் ஜன்னலைத் திறக்கும்போது என் மனைவி அலறினாள். அப்போது மருமகளின் கை அவள் முதுகில் இருந்ததை எதிர்வீட்டார் பார்த்துவிட்டார்கள். யாரோ அவளை அடித்ததாகப் பேச்சு பரவி, மதியத்துக்குள் மைத்துனர் ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றார்.

“அக்காவை அடிச்சது யாருன்னு தெரியணும் அத்தான். இல்லைன்னா போலீஸ்தான்.”

மருமகள் என் மனைவியின் முகத்தைப் பார்த்தாள்.

மருத்துவர் எக்ஸ்ரேயில் விரலை வைத்தார். “முதுகெலும்புல இன்னிக்கு நொறுங்கினது இந்த ஒண்ணு. மேல ரெண்டு பழசு. எலும்பைக் கட்டுற செல்லுக்கு வயசாயிட்டா, சாகாம, வேலையும் செய்யாம உக்காந்துடும். பக்கத்துச் செல்லையும் கெடுக்கும். அரிக்கிற செல் மட்டும் ஓயாது. அப்புறம் இறுகின ஜன்னலை இழுத்தாலே போதும்.”

“உன் ஆபீஸ் மாதிரிதான்டா,” என்றாள் மனைவி, வலியோடு தம்பியிடம்.

“பழசுன்னா வலிச்சிருக்குமே. ஏன் சொல்லலை?” என்று அவளிடம் கேட்டேன்.

“நம்ம வீட்டுல யாரும் கூனினதில்லைன்னு எல்லார்கிட்டயும் பெருமையடிக்கிறீங்க. எப்படிச் சொல்றது? இவகிட்ட சத்தியம் வாங்கிட்டு தினமும் தைலம் தேய்க்கச் சொன்னேன். அந்த வாசனை உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் ஜன்னலைத் திறந்தேன். விழப் போன என்னை இவதான் தாங்கிப் பிடிச்சா.”

மைத்துனர் மருமகளின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார்.

எதிர்வீட்டாருக்கும் அவர்கள் பேச்சைக் கேட்டவர்களுக்கும் சொல்கிறேன்: என் மருமகள் யாரையும் அடிக்கவில்லை. என் மனைவிக்கு எலும்புப்புரை நோய்.