முதல் நாற்காலி

தவக்காலம் வந்துவிட்டது என்பதை ராயப்பனைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பலைச் சாயந்தரம் வரைக்கும் வேர்வை படாமல் காப்பாற்றுவார். மறுநாளிலிருந்து செருப்பு கிடையாது. அவர் வேலை செய்யும் மைன்ஸுக்குள் பூட்ஸ் இல்லாமல் விடமாட்டார்கள் என்பதால் கேட் வரைக்கும் வெறுங்காலில் போய், அங்கே உட்கார்ந்து மாட்டிக்கொள்வார். கேன்டீனில் யாராவது பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தால், "நா ஒருசந்தி, கறி தொடமாட்டேன்" என்று கையைக் காட்டுவார். கேட்காதவர்கள் காதிலும் அது விழும்.

வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் பெரிய மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவர் அவர்தான். பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததைப் போலப் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவி முத்தமிடும்போதும் முதல் நாற்காலி அவருக்குத்தான். "மொத சீடர் இராயப்பர் பேர வச்சிகினு வேற எங்க ஒக்கார்றது?" என்று சிரிப்பார். பக்தி இல்லாத மனுஷர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஆனால் பக்தி எங்கே முடிகிறது, பெருமை எங்கே தொடங்குகிறது என்பது அவருக்கே பிடிபடாமல் இருந்தது.

பக்கத்து குவார்ட்டர்ஸ் பரமசிவத்தோடு அவருக்கு ஒரு வருஷமாகப் பேச்சில்லை. போன மே மாதம் மாதா ஜெபமாலைக்கு ராயப்பன் வாசலில் மைக் கட்டியிருந்தார். பரமசிவம் மதுரைக்காரர். அன்றைக்கு அவருக்கு நைட் ஷிப்டு. வேலி ஓரம் வந்து நின்று, "வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கண்ணசரணும் ராயப்பன், சத்தத்த மட்டும் கொறைங்களேன்" என்றார். கேட்டது மரியாதையாகத்தான்.

"கடவுள் காரியத்துல கொறைக்கிறதுக்கு நா யாருங்க?" என்றார் ராயப்பன், எல்லார் முன்னாலும். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பரமசிவம் உள்ளே போய்விட்டார். அதோடு முறிந்தது.

ஐப்பசியில் பரமசிவத்துக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. மகன் சிவக்குமாருக்குப் பெங்களூரில் வேலை. லீவு கிடைத்தால் வருவான். காலையில் ஒரு ஆள் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவான். மற்றதெல்லாம் மனைவி புஷ்பவல்லி தலையில்தான். ராயப்பன் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. குடும்ப ஜெபத்தில், "நோயாளிகள் எல்லாருக்காகவும்" என்று பொதுவாக ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டதோடு சரி.

இந்த வருஷம் பெரிய வியாழன் வந்தது. அவர் மனைவி லூர்துமேரி பீடத்துக்குப் பூ வைக்க முன்னாடியே போய்விட்டாள். ராயப்பன் காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். வேலியருகே புஷ்பவல்லி மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

"அண்ணே, அவரு பாத்ரூம்ல சறுக்கி விழுந்துட்டாரு. அடி படல. ஆனா என்னால தூக்க முடியல. எதுத்தாப்புல இளம்பரிதி வீடும் பூட்டிக் கெடக்கு." சொல்லும்போதே அவருடைய உடுப்பைப் பார்த்துவிட்டாள். குரல் இறங்கியது. "கோயிலுக்குக் கெளம்பிட்டீங்களா?"

"பூச ஆரம்பிக்கப் போவுதும்மா. ஷிப்டு பஸ்ஸு வர்ற நேரந்தான், இளம்பரிதி வந்துடுவான். நா போய்க்கினே அவனுக்குப் போன் பண்றேன்."

"சரிண்ணே" என்றாள். அந்தச் சொல்லில் கோபம்கூட இல்லை.

ஸ்கூட்டரில் போகும்போது ஜெபம் சொல்வது ராயப்பனின் பழக்கம். அன்றைக்கும் வாய் தானாக ஆரம்பித்தது. பிளாக்கைத் தாண்டி, வேப்பமரங்கள் நிற்கும் ரோட்டில் திரும்பியபோது, 'உமது திருவுளம்' என்ற இடத்துக்கு வந்து நாக்கு நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து சொல்லிவந்த சொல். ஆண்டவருடைய விருப்பம் என்ன, அது எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்கவே தேவையில்லாமல் தெரிந்தது. அது பின்னால், பாத்ரூம் தரையில் கிடந்தது.

திரும்பக்கூடாது என்பதற்கு அவரிடம் நல்ல நல்ல காரணங்கள் இருந்தன. முதல் நாற்காலி காலியாக இருந்தால் சாமியாருக்குச் சங்கடம். லூர்துமேரி பதறுவாள். இளம்பரிதி எப்படியும் வந்துவிடுவான். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். அப்புறம் வண்டியைத் திருப்பினார்.

பரமசிவம் ஈரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். லுங்கி அவிழ்ந்து, உடம்பெல்லாம் அசுத்தமாகியிருந்தது. ராயப்பனைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நல்ல கையால் தள்ளினார். "நீ... வேணாம். போ."

வழியில் ராயப்பனுக்கு ஒரு நினைப்பு இருந்தது. கடவுள் சொன்னதைச் செய்யப் போனால் நெஞ்சுக்குள் ஏதோ இனிக்கும் என்று. ஒன்றும் இனிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். கனத்த உடம்பு. இரண்டுமுறை நழுவியது. மூன்றாவது தடவையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். கஞ்சி வேட்டி நனைந்து தொடையில் ஒட்டியது. புஷ்பவல்லி வெந்நீர் கொண்டுவர, அவர் மொண்டு ஊற்றி முதுகு, தொடை, கால் என்று தேய்த்துக் கழுவினார். சட்டைப் பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

துடைத்து, லுங்கி கட்டி, கட்டிலுக்குக் கொண்டுவரும் வரைக்கும் பரமசிவம் முகத்தைத் திருப்பவே இல்லை. தலையணையைச் சரிசெய்துகொண்டே ராயப்பன் சொன்னார்: "அன்னிக்கு நா மைக்க கொறைச்சிருக்கணுங்க. ஒரு மனுஷன் தூங்கணும்னு கேட்டதுக்கு அப்பிடி பேசிட்டேன். தப்பு எம்பேர்லதான்."

பரமசிவம் மெல்ல முகத்தை இவர் பக்கம் திருப்பினார். கோணிய வாய் அசைந்தது. "பாட்டு... நல்லாத்தான்... இருந்துச்சு. சத்தந்தான்... எழவு."

புஷ்பவல்லிதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கோயிலில் அன்றைக்கு ராயப்பன் இடத்தில் சவரிமுத்துவை உட்கார வைத்தார்களாம். மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் முகம் கழுவும்போது ராயப்பன் தன்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். நடந்ததைச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஒத்திகையிலும் நாற்றம் கொஞ்சம் கூடியது, பரமசிவம் இன்னும் கொஞ்சம் கனத்தார். கடைசியாகச் சொல்லிப் பார்த்ததில் சாமியார் கண்கலங்குவதாகக்கூட இருந்தது. ராயப்பனுக்கு வெட்கமாகிவிட்டது.

கோயில் வாசலில் சாமியார், "என்ன ராயப்பன், நேத்து ஆளையே காணோம்?" என்றார். சுற்றி நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். குடித்துவிட்டுக் கிடந்திருப்பான் என்று அதற்குள் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது.

"வர முடியல சாமி. மன்னிச்சிடுங்க."

புஷ்பவல்லி சொல்லி லூர்துமேரிக்கு எல்லாம் தெரியும். அவள் வாயைத் திறக்கப் போனாள். ராயப்பன் அவள் கையை அழுத்தினார். சிலுவையை அன்று சவரிமுத்து சுமந்தார். ராயப்பன் கடைசி வரிசையில் நடந்தார். அது அவருக்குச் சுலபமாக இல்லை. சிலுவைப் பாதை நின்று ஜெபிக்கும் ஒவ்வொரு ஸ்தலத்திலும் முன்னால் எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் லூர்துமேரி பிடித்துக்கொண்டாள். "நல்லதுதானே பண்ணீங்க? குடிகாரன்னு பேரெடுக்கணுமா?"

"சொன்னா, நாளைக்கு அதுக்கும் எனக்கு ஒரு நாற்காலி போட்டுடுவாங்கடி. நா போய் ஒக்காந்துடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

அவள் உள்ளே போய் அவருக்குக் கஞ்சி எடுத்து வைத்தாள்.

சாயந்தர வேளைகளில் ராயப்பன் பக்கத்து வீட்டுக்குப் போகத் தொடங்கினார். பரமசிவத்தைப் பிடித்து நடக்க வைப்பார், முகம் வழித்துவிடுவார். பரமசிவம் நல்ல நோயாளி இல்லை. கத்தி சுருக்கென்றால் திட்டுவார், சோற்றைத் தட்டிவிடுவார். போகவே பிடிக்காத நாட்களும் உண்டு. அந்த நாட்களிலும் போனார்.

ஆனியில் பரமசிவத்துக்கு உடம்பைக் காரணம் காட்டி வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சிவக்குமார் இருவரையும் பெங்களூருக்கு அழைத்துப் போனான். காரில் தூக்கி உட்கார வைத்தவர் ராயப்பன். பரமசிவம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். சொல் வரவில்லை. பிடி மட்டும் இறுகியது. வண்டி கிளம்பும்போது புஷ்பவல்லிதான் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டாள்.

அன்று சாயந்தரம் வேலை விட்டு வந்த ராயப்பனுக்கு, பக்கத்து வீடு பூட்டிக் கிடக்க, என்ன செய்வதென்று தெரியவில்லை. லூர்துமேரி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்தார். கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. எழுந்திருக்கவும் மனமில்லாமல், அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.