சூரியனுக்கு ஒரு பூட்டு

காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்ற குறுஞ்செய்தி எட்டே முக்காலுக்கு வந்தது. அந்த வீட்டின் பின்னறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் முந்நூறு முட்டைகள் இருந்தன. பத்தொன்பதாவது நாள். இன்னும் இரண்டு நாள் சூடு வேண்டும்.

பெட்டி வீட்டுக்காரியுடையது. முதல் தடவை வைத்த முட்டைகள் வெந்துபோயின. இரண்டாம் தடவை வைத்தவை குளிர்ந்துபோயின. மூன்றாவதும் போனால் பெட்டியை விற்றுவிட்டுப் பழையபடி பல் டாக்டரின் வரவேற்பு மேசைக்கே போய்விடுவதாக அவளே வாயை விட்டிருந்தாள். கேட்டவர்கள் யாரும் மறக்கவில்லை. பல் டாக்டர் உட்பட.

அவள் கணவர் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை அமைப்பவர். அங்கே கழித்துப்போட்ட பிஎல்சி என்னும் கட்டுப்பாட்டுக் கணினியின் மாட்யூல்களைக் கேட்டு வாங்கி வந்து, மூளைக்கு ஒன்று, வெப்பத்தைப் படிக்க ஒன்று, ஹீட்டரை இயக்க ஒன்று என்று ஒரு தகரப் பட்டையில் வரிசையாகக் கவ்வவைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு சோப்புக் கட்டி அளவு. "ஒண்ணு கெட்டுச்சுன்னா அத மட்டும் கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்குவார். தண்ணீர் கேன் போடுகிறவருக்கு அது மனப்பாடம்.

"கோழிக்கே இவ்வளவு மூளை கெடையாது மாமா" என்பான் அவள் தம்பி.

தம்பிக்கு சோலார் மாட்டும் தொழில். மாடியில் நான்கு பேனல்களைப் போன வாரமே பொருத்திவிட்டான். கீழே இன்வெர்ட்டரும், அதை எழுப்பிவிடும் அளவுக்கு மட்டும் தெம்புள்ள பழைய பேட்டரியும் தயார். மாடியிலிருந்து வரும் கம்பியை இணைப்பதுதான் பாக்கி. அக்கா வீடுதானே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவன், அன்று அக்கா போனில் பேசிய தொனியைக் கேட்டுப் பத்தே நிமிடத்தில் வந்து நின்றான்.

"பத்து நிமிஷ வேலைக்கா" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"கைய எடு மச்சான்" என்றார் கணவர். "மெயின் எங்க?"

"எதுக்கு?"

"ஆஃப் பண்ணிட்டுத்தான் கம்பியத் தொடணும்."

தம்பி ஜன்னல் வழியாக வானத்தைக் காட்டினான். "அதோ இருக்கு. சாயங்காலம் ஆறரைக்குத் தானா ஆஃப் ஆகும். பகல்ல பேனல் மேல வெளிச்சம் விழுந்தா கம்பியில கரண்டு இருக்கும் மாமா. நாங்க பாத்துப் பதமாத்தான் மாட்டுவோம்."

கணவரின் முகம் மாறியது. அவர் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. வேலை செய்கிறவர் மெயினை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, தன் படம் ஒட்டிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். சாவி அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். பூட்டியவர் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. அந்த விதி வருவதற்கு முன்பு ஒரு ஃபிட்டரின் இரண்டு விரல்கள் போனதை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

"அப்ப சூரியனப் பூட்டணும்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் அக்காவும் தம்பியும் நினைத்தார்கள். அவர் பீரோவிலிருந்த நான்கு கம்பளிகளையும் வாரிக்கொண்டு மாடியேறினார். பேனல்களை மூடினார். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து எல்லாவற்றையும் இறுக்கிச் சுற்றினார். கயிற்றின் இரண்டு நுனிகளிலும் முடிச்சு வளையம் போட்டு, இரண்டையும் சேர்த்துப் பூட்டினார். அட்டையைத் தொங்கவிட்டார்: 'ஆள் வேலை செய்கிறார். திறக்காதே.' படத்தில் அவருக்கு மீசை கறுப்பாக இருந்தது.

"எதிர் வீட்டுக்காரங்க பாக்கறாங்க மாமா. பேனலுக்கு ஜுரமான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். இப்பப் போய் மாட்டு."

மாட்டினான். இருபது நிமிடம் ஆனது. கணவர் மீட்டர் வைத்துப் பார்க்கக் குனிந்தபோது அவர் போன் அடித்தது. தொழிற்சாலையில் யாரோ ஏழாவது இடத்தில் போட வேண்டிய மாட்யூலை எட்டாவதில் போட்டுவிட, சோப்புகள் அட்டைப்பெட்டிக்குப் பதில் தரையில் விழுந்துகொண்டிருந்தன. மேற்பார்வையாளர் அழும் குரலில் பேசினார்.

"அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்று கணவர் பைக்கை எடுத்தார். சாவியும் சட்டைப்பையில் ஏறிப் போனது.

பெட்டிக் கண்ணாடிக்குள்ளிருந்த வெப்பமானி அப்போது முப்பத்தேழு காட்டியது. பதினொரு மணிக்கு முப்பத்தாறு. பதினொன்றரைக்கு முப்பத்தைந்தரை. வெளியே வெயில் கொளுத்தியது. பேனல்கள் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தன.

அவள் போன் செய்தாள். "சாவிய யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்க."

"சாவிய இன்னொருத்தர் கையில குடுக்கக் கூடாதும்மா. அதான் விதியே."

"அப்ப நீங்க வாங்க."

"இங்க சோப்பு முழங்கால் வரைக்கும் கெடக்கு. இன்னும் ஒரு மணி நேரம்..."

"ஒரு மணி நேரத்துல நான் பல் டாக்டருக்கு டோக்கன் குடுத்துட்டிருப்பேன். பூட்ட ஒடைக்கறேன்."

"ஐயோ, பூட்ட மட்டும் ஒடைச்சுடாத! பத்து வருஷத்துல ஒரு பூட்டுகூட ஒடஞ்சதில்ல!"

அவள் சற்று யோசித்தாள். பிறகு, பிடிவாதக்காரக் குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டாள்: "பூட்டு உங்களோடது. சரி. கயிறு யாரோடது?"

மறுமுனையில் சோப்பு விழும் சத்தம் மட்டும் கேட்டது.

கத்தரிக்கோலோடு மாடியேறினாள். போனை அணைக்கவில்லை. கயிற்றில் கத்தரியை வைத்தவள், அந்தப் படத்திலிருந்த கறுப்பு மீசையைப் பார்த்துச் சற்றுத் தயங்கினாள். கைப்பிடிச் சுவரோரம் வந்து கீழே குனிந்து கத்தினாள்.

"டேய்! உன் ரெண்டு கையும் எங்க இருக்கு?"

கீழே இன்வெர்ட்டர் பக்கமிருந்து தம்பியின் குரல் வந்தது.

"கம்பியிலக்கா."

"கம்பியில என்னடா பண்ற? மாட்டி முடிச்சாச்சுல்ல?"

"சும்மா இருந்தனா... ஒரு நுனி கோணலா தெரிஞ்சுது. கழட்டி நேராக்கலாம்னு..."

"எந்த நுனி?"

"ரெண்டும்தான்."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். போனில் கணவர் மூச்சுவிடுவது கேட்டது. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அந்தக் கம்பளியில் ஒன்றை அவர் தலையில் போர்த்தியிருப்பாள்.

"மாட்டு. மூடிய முடுக்கு. முடுக்கிட்டு வாசலுக்கு வந்து நில்லு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கு."

"அக்கா, எதிர் வீட்டுல பாக்கறாங்க."

"தூக்குடா!"

தூக்கினான். எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். அவள் கயிற்றை வெட்டிக் கம்பளிகளை இழுத்துப் போட்டாள்.

பின்னறையில் மாட்யூல்களின் பச்சை விளக்குகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக விழித்தன. ஹீட்டர் முனகியது. வெப்பமானி அப்போது முப்பத்தைந்தில் நின்றது. அவள் அதற்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தேழரை ஆகும்வரை எழவில்லை. தம்பி இரண்டு தடவை, கையை இறக்கலாமா என்று கேட்டான்.

மூன்றாம் நாள் மதியம் இருநூற்று நாற்பத்தொரு குஞ்சுகள். அறைக்குள் நிற்க இடமில்லாமல் கணவரும் தம்பியும் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கன்ட்ரோலர் பாத்தியா மச்சான், கரண்டு வந்ததுலேர்ந்து அரை டிகிரி அசையல."

"கரண்டு யாரு குடுத்தாங்க மாமா? பேனலு."

"எந்த பேனலு? கம்பளி போத்திக்கிட்டுத் தூங்குச்சே, அதா?"

அவள் கூடையோடு இருவருக்கும் நடுவே புகுந்தாள்.

"முட்டைதான் பொரிஞ்சுது. தள்ளுங்க ரெண்டு பேரும், அதுங்களுக்குக் காத்து வரட்டும்."