மூச்சில் தெரிந்த வட்டம்

வெள்ளியின்மேல் மூச்சு விடாமலே பார்த்துவிட்டால் என்ன?

இப்படி ஒரு நினைப்பு வந்ததே ஹெஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. காபிக் கூஜாவின் அடியில், வெள்ளி சுத்தம் என்று காட்டும் நாலு முத்திரைகளும் இருந்தன: நடக்கும் சிங்கம், கிரீடம் வைத்த சிறுத்தை முகம், ஆண்டைச் சொல்லும் எழுத்து, செய்தவனின் முதலெழுத்துகள். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டால் கடல் பார்த்த வீடு.

எதிரில் உட்கார்ந்திருந்த டெஸ்மண்ட் பழைய வெள்ளி வாங்கி விற்பவன். பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவளுடையவன். இந்தக் கூஜா விற்றால் டீல் என்ற கடலோர ஊரில் வீடு, அப்புறம் எல்லாக் கிழமையும் சேர்ந்தே. ஆனால் லண்டன் ஏலக்கூடத்தின் பட்டியலில் அது ஏற, வெள்ளிப் பிரிவைப் பார்க்கும் ஹெஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

மழை வெளிச்சத்தில் கூஜா மேசையின்மேல் மிதப்பதுபோல் இருந்தது. அதன் வயிற்றில் அவள் முகம் நீண்டு, நெளிந்து, இளமையாகத் தெரிந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் உப்புக் காற்று படிந்த ஒரு ஜன்னலும் காயப்போட்ட அவனுடைய சட்டையும் தெரிந்ததுபோல் இருந்தது.

ஆனால் இவ்வளவு அகலமான அடியில் முத்திரைகள் ஏன் இப்படி ஒண்டிக்கொண்டு நிற்கின்றன?

"என்ன மகாராணி, தூங்கிட்டியா?"

"முத்திரையெல்லாம் ரொம்ப நெருக்கமா இருக்கு."

"லண்டன் குளிர்ல வேற எப்படி நிக்கும், பாவம்!"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கூஜாவைக் கவிழ்த்து, "ஹா" என்று மூச்சு விட்டாள்.

வெள்ளி பனித்தது. பனியின் நடுவே, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல், முத்திரைகளைச் சுற்றி மெல்லிய ஒரு வட்டம் எழுந்தது. பற்றவைத்த கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்தும் போனது.

வெள்ளிக்கு எடைக்கு ஏற்ப வரி இருந்த காலத்து வேலை அது. சின்னக் கிண்ணம் ஒன்றை முத்திரைக்கு அனுப்பிக் கொஞ்சம் வரி கட்டுவான் தட்டான். முத்திரை விழுந்த வட்டத்தை வெட்டியெடுத்துப் பெரிய கூஜாவின் அடியில் பதித்துவிடுவான். வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் சோதனைக்கூடத்தின் வாசலையே கூஜா மிதித்திருக்காது. அப்படிப்பட்டதை இன்றும் விற்கக்கூடாது என்பது சட்டம்.

டெஸ்மண்ட் கூஜாவைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

"எனக்கும் வாய் இருக்கே. நானும் ஊதிப் பாத்தேன்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "ராஜாவை ஏமாத்தினவன் செத்து எலும்பும் மக்கிப்போச்சு. ராஜாவும் போய்ச் சேந்தாச்சு. இப்ப யாருக்கு வலிக்குது, சொல்லு? வெள்ளி நல்ல வெள்ளி. வேலையும் சுத்தம்."

சுத்தம்தான். அந்தக் கூஜா மூக்கின் வளைவை அவளால் மறக்க முடியாது. திருட்டுத்தனம் செய்த கைதான் அதையும் இழைத்திருக்கிறது.

"அந்தக் கோடுகூடப் போயிடுச்சு பாரு. கண்ணுக்குத் தெரியாததை எழுதாதேன்னுதானே கேக்கறேன்? எல்லாம் நமக்குத்தான், ஹெஸ்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். வீடு இன்னும் அவளுக்குள் விளக்கெரிய நின்றுகொண்டிருந்தது. அலை படி வரை வந்து திரும்பியது. ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்குவதைப் பற்றி போன ஞாயிற்றுக்கிழமை பூரா அவன் பேசியபோதே அவனுக்கு இது தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் தினமும் காலையில் இவன் முகத்தையும் மூச்சுப் படாமல் எட்ட நின்றே பார்த்துப் பழக வேண்டியிருக்கும். பழகியும் போகும். அதுதான் பயமாக இருந்தது.

அவன் பட்டியல் அட்டையையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

ஹெஸ்டர் கூஜாவைப் பச்சைக் கம்பளித் துணியில் சுற்றினாள். குழந்தைக்குக் காது மூடுவதுபோல் மூக்கின்மேல் துணியை இழுத்துவிட்டாள். பிறகு அதைத் தன் பக்கத்து அலமாரியில் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும், டெஸ்மண்ட். திங்கட்கிழமை நானே சோதனைக்கூடத்துக்கு அனுப்பிடறேன்."