பழனியம்மாள் விழுந்து பழகிய காலை

வீட்டின் பின்புறம் குவித்திருந்த காப்பிக்கொட்டை உமியில் பழனியம்மாள் மறுபடியும் மல்லாந்து விழுந்தாள். இந்த முறையும் இடது முழங்கைதான் முந்திக்கொண்டு தரையில் இடித்தது. உமி மெத்தென்று இருந்ததால் பிழைத்தாள். வாசலில் சிமெண்டுத் தரை. அங்கே இப்படி விழுந்தால் எலும்பு தேறாது.

"எந்திரிங்கம்மா. எழவு ஊட்டுல யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்றான் மகன் மாதப்பன்.

"பாக்கத்தானே வந்திருக்காங்க. தள்ளி நில்லு."

முன்னறையில் மாலைகளுக்குள் அவள் கணவர் கிடந்தார். வெறும் ஐயாக்கண்ணு என்றால் யாருக்கும் தெரியாது. 'தொபுக்கடீர்' ஐயாக்கண்ணு என்றால் சின்னக் குழந்தையும் சிரிக்கும். கரடியூர் எஸ்டேட்டில் மூட்டை சுமந்தவர். காப்பிக் களத்தில் ஒருநாள் வழுக்கி விழுந்தபோது, கொட்டை பொறுக்கிய பெண்கள் சிரித்த சிரிப்பில் தன் தொழிலைக் கண்டுபிடித்துக்கொண்டார். சேலத்தில் நாடகம், பிறகு சென்னையில் சினிமா. திரையில் அவர் தலை தெரிந்தாலே விசில் பறக்கும். நின்ற நிலையில், வெட்டிய மரம் சாய்வதுபோல் பின்பக்கமாக விழுவார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடப்பார். உடம்பில் ஒரு கீறல் இருக்காது.

நாடகத்தில் அவருக்கு மனைவியாக நடித்து, நெஞ்சில் கைவைத்து அவரைத் தள்ளிவிட்டதெல்லாம் பழனியம்மாள்தான். அவர் எப்படி விழுந்தார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. கேட்டால், "நீ தள்ளுற, நான் விழுறேன். இதுல என்ன புள்ள இருக்குது?" என்பார்.

முந்தாநாள் படுக்கையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைத் தூக்கறப்ப சனம் அழுதுச்சுன்னா எனக்குத்தான் கேவலம். நீ ஒருக்கா விழுந்து காட்டீரு."

"எனக்குத் தெரியாதுங்களே!"

"சரின்னு சொல்லு புள்ள."

சரி என்று சொல்லிவிட்டாள். அவருக்குக் கொடுத்த கடைசி வாக்கு அது.

நாடகக் குழுவின் வில்லன் மரியஜோசப் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தார். அழுத கண்ணோடு உமிக்குவியல் பக்கம் குந்தி, அவளுக்கு யோசனை சொன்னார்.

"தாடைய நெஞ்சோட ஒட்டிக்கோங்க அக்கா, பொடனி அடிபடாது. முட்டிய லேசா மடக்குங்க, விழுற ஒசரம் கொறையும்."

இரண்டும் சரியான யோசனைகள். தலை தப்பியது, வேகமும் குறைந்தது. ஆனால் முழங்கை மட்டும் கேட்கவில்லை. உடம்பு சாயத் தொடங்கியதும் அது அவளைக் கேட்காமலே தரையைத் தேடிப் போனது. மொத்த எடையும் அந்த ஒரு முனையில் இறங்கியது.

"இந்தக் கை சங்கதி எனக்கும் புரியலீங்க. நான் விழுந்தா நெசமாவே வலிக்கும். அதுக்குத்தான் சனம் நொம்ப நல்லா நடிக்கறேன்னு கை தட்டுச்சு," என்றார் மரியஜோசப்.

பழனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாசலிலும் அழுகை நிலைக்கவில்லை. ஒண்டிக்கடை ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸும் ஆட்களைக் கொட்டிவிட்டுப் போனது. வெள்ளக்கடை ஊர் ஆட்கள் வண்டியில் மும்மூன்று பேராக வந்து இறங்கினார்கள். யாராவது ஒருவர் ஐயாக்கண்ணுவின் நடையை நடந்து காட்டுவார். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள், உடனே நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், அடக்கமுடியாமல் மறுபடியும் சிரிப்பார்கள்.

"ஏனுங்க, இது எழவா, கல்யாணமா?" என்று ஒரு கிழவர் அதட்டினார். அதற்கும் சிரித்தார்கள்.

மேளம் ஏறியது. ஆட்கள் அவரை வாசலில் பாடைக்கு மாற்றி, தோளுக்குத் தூக்கக் குனிந்தார்கள். அதுவரை சிரித்த பெண்களில் ஒருத்தி கேவினாள். அது அடுத்தவளுக்குத் தொற்றியது.

"வேண்டாம்மா. இடுப்பு ஒடிஞ்சு போச்சுன்னா?" வாசலுக்கு வந்த பழனியம்மாளின் தோளை மாதப்பன் பிடித்தான்.

"ஒருக்கா தொட்டுட்டு வர்றேன், வுடு."

மாலைகளை விலக்கி அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். பழக்கதோஷம், மேடையில் தள்ளுவதற்கு வைக்கிற அதே இடம். கைக்குக் கீழே நெஞ்சு காலியாக, தணிந்து கிடந்தது.

இந்தத் தணிவு அவளுக்குத் தெரியும்! மேடையில் அவள் கைவைத்ததும் அவர் 'ஹூ...ம்' என்று நீளமாகப் பெருமூச்சு விடுவார். நெஞ்சு இப்படித்தான் உள்ளே போகும். கூட்டம் அந்தப் பெருமூச்சுக்கே சிரிக்கத் தொடங்கிவிடும். அவளும் இத்தனை காலம் அதைக் காமெடி என்றுதான் நினைத்திருந்தாள். காலையிலிருந்து அவளோ, குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவள் மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டல்லவா விழுந்தாள்!

அவள் விறுவிறுவென்று சிமெண்டுத் தரையின் நடுவில் போய் நின்றாள். மேளம் நின்றது. கேவல் நின்றது.

"ஹூ...ம்" என்றாள்.

பின்வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள்.

பழனியம்மாள் சாய்ந்தாள்.

"தொபுக்கடீர்!" என்று கூட்டம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது. விசில் பறந்தது. மரியஜோசப் மார்பில் அடித்துக்கொண்டு சிரித்தார். விசிலோடு விசிலாகப் பாடை தோளேறியது. கீழே கிடந்தவளின் கண்ணுக்கு நேரே மாலைகள் ஆடியபடி கடந்து, காப்பிச் செடிகளின் பக்கம் திரும்பின.

மாதப்பன் ஓடிவந்து அவள் முழங்கையைத் தடவிப் பார்த்தான். கீறல்கூட இல்லை.

"எப்படிம்மா?"

"மூச்ச பூராவும் வெளிய வுட்டுட்டு விழணும் கண்ணு. உள்ள புடிச்சு வெச்சா ஒடம்பு வெறைக்கும், கை தானா முந்திக்கும். வுட்டுட்டா முதுகு மொத்தமும் ஒண்ணா எறங்கீரும். அவ்வளவுதான்."